சின்ன ரயில் போன வழியில் சைக்கிளில்: மொரப்பூரிலிருந்து ஓசூர் வரை

ஜனவரி 12, ஞாயிறு – சேலம்

மொரப்பூரில் தொடங்கி தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் வரை ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது. தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடிதான். மொரப்பூர் – தருமபுரி பகுதி 1906-ல் வந்தது, 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாட்டுக்குப் பிறகு, அடுத்த பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோய்ச் சேர்க்க வழி வேண்டும் என்று யோசித்துப் போட்ட பாதைகளில் இதுவும் ஒன்று. இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, 1941-ல், இதை மூடித் தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

வெளிநாடுகளில் இப்படிக் கைவிட்ட ரயில் தடங்களைச் சைக்கிள் பாதையாக்கி வைத்திருக்கிறார்கள். நியூசிலாந்தின் ஒட்டாகோ பாதை 152 கிலோமீட்டர். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்துக் கேட்டி பாதை 380 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. நம் தடத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் அதை ஒட்டிய கிராமத்துச் சாலைகளிலும் மண் வழிகளிலும் போய்ப் பார்த்துவிடலாம் என்று எனக்கும் என் அண்ணன் மகனுக்கும் ஆசை. அவன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். சொந்தமாக நல்ல சைக்கிள் வைத்திருக்கிறான். எனக்குத்தான் வண்டி வாங்க வேண்டியிருந்தது.

இன்று முழுக்கக் கடை கடையாக அலைந்தோம். முதல் கடைக்காரர் ஒல்லி டயர் போட்ட ரேஸ் சைக்கிளை எடுத்து வைத்தார். தூக்கிப் பார்த்தால் பூப்போல இருக்கிறது. தார் ரோட்டில் பறக்கும், சரி. ஏரிக்கரை மண்ணில் 25 மில்லிமீட்டர் டயர் என்ன செய்யும்? அடுத்த கடையில் முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த மலை சைக்கிள். மருமகனுக்கு அதுதான் பிடித்தது. "அத்தை, கை வலிக்காது" என்றான். ரயில் போன தடம் என்பதே மேடு பள்ளத்தைச் சமன் செய்து போட்டது. அங்கே ஸ்பிரிங் ஃபோர்க்குக்குப் பெரிய வேலை இல்லை. அதன் எடையை மட்டும் நான் ஓசூர் வரை சுமக்க வேண்டும். கொஞ்சம் அகலமான டயரில் காற்றைக் குறைத்து வைத்தாலே பாதி அதிர்வு போய்விடும்.

கடைசியில் பழைய வண்டி விற்கும் கடை ஒன்றில் கிடைத்தது. இரும்புச் சட்டம், ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க், 26 அங்குலச் சக்கரம், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. விலை 5,500 ரூபாய். டயர், பிரேக் கட்டை, செயின் மாற்ற 2,100. பின் கேரியர் 650. சட்டத்தில் கேரியருக்கான திருகுத் துளை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். பல வண்டிகளில் அது இருப்பதில்லை.

26 அங்குலத்தை நான் பிடிவாதமாகக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்க் கடைகளில் அந்த அளவு டயரும் ட்யூப்பும் சுலபமாகக் கிடைக்கும். வால்வும் மோட்டார் பைக்கில் இருக்கும் வகையேதான், எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். சட்டம் உடைந்தால் கேட் செய்யும் வெல்டிங் பட்டறையில்கூட ஒட்டிவிடலாம். நாம் போகிற மண்ணை மட்டும் பார்த்து வண்டி எடுத்தால் போதாது, வழியில் கடை வைத்திருப்பவருக்கு எதைப் பழுது பார்க்கத் தெரியும் என்பதையும் பார்த்து எடுக்க வேண்டும். என் கட்சி இதுதான். மருமகன் ஒப்புக்கொள்ளவில்லை.

சீட் உயரத்தைக் கடைக்காரர் சரியாக வைத்துக் கொடுத்தார். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இதைச் செய்யாமல் நீண்ட தூரம் போனால் முழங்கால் போய்விடும் என்றார்.

ஜனவரி 19, ஞாயிறு – சேலம்

இன்று வரைபட வேலை. பழைய சர்வே வரைபடத்தின் நகல் ஒன்றையும் செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சில இடங்களில் வயலுக்கு நடுவே மெலிதான வளைவு ஒன்று தெரிகிறது. மாட்டுவண்டித் தடம் அப்படி வளையாது. ரயில் நிதானமாகத்தான் திரும்பும்.

தருமபுரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 470 மீட்டர், ஓசூர் 890-ஐ நெருங்குகிறது. 400 மீட்டர் ஏற வேண்டும், அதில் பெரும்பகுதி மாரண்டஹள்ளிக்கும் ராயக்கோட்டைக்கும் அப்பால் இப்பால்தான். ரயில் நூறு அடிக்கு ஒன்றிரண்டு அடி ஏறினாலே அதிகம். சாலைக்கு அந்தக் கவலை இல்லை, நேராக மேட்டில் ஏறிவிடும். அதனால் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம், ஏற்றமுள்ள நாளில் அதிலும் பாதி என்று முடிவு செய்தோம். தருமபுரி – ஓசூர் நான்குவழிச் சாலை வேகமானதுதான், லாரிக்கு நடுவே ஓட்ட எனக்கு மனமில்லை. கூடுமானவரை உள்வழி.

சுமை ஆளுக்கு எட்டு கிலோ. மாற்றுத்துணி, கம்பளி, இரண்டு ட்யூப், ஒட்டுப்போடும் பெட்டி, கைப்பம்பு, மூன்று லிட்டர் தண்ணீர், வறுத்த நிலக்கடலை, வெல்லம்.

ஜனவரி 23, வியாழன் – மொரப்பூர், தருமபுரி

மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கும்போது ஏழு மணி. நல்ல பனி. ஜோலார்பேட்டை – சேலம் மெயின் லைன் இது, வண்டிகள் நிற்காமல் அடித்துக்கொண்டு போகின்றன. ஸ்டேஷனுக்கு எதிரே டீ 12 ரூபாய், இரண்டு இட்லி 20. சின்ன ரயில் எங்கிருந்து கிளம்பும் என்று டீக்கடைப் பெரியவரிடம் கேட்டேன். "எங்கப்பா ஏறியிருக்காரும்மா. ஏத்தத்துல மெதுவாப் போகுமாம், எறங்கி ஒண்ணுக்குப் போயிட்டு ஓடிவந்து ஏறிக்குவாங்களாம்" என்று சொல்லிவிட்டு மேற்கே கையை நீட்டினார்.

மேற்கே போகும் சாலை நெடுக புளியமரம். இது புளி உலுக்கும் காலம். ஓரிடத்தில் ஆண்கள் மரத்தில் ஏறிக் கிளைகளை உலுக்க, கீழே பெண்கள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சாலை முழுக்கப் புளி. "இறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க, மிதிச்சுடாதீங்க" என்றார்கள். இறங்கித் தள்ளினோம். ஓர் அக்கா இரண்டு கை நிறையப் புளியம்பழம் அள்ளி என் பையில் போட்டார். காசு கொடுத்தால் கோபப்படுவார் என்று முகத்திலேயே தெரிந்தது.

மூக்கனூர் வருவதற்கு முன் மண் வழி ஒன்றில் இறங்கினோம். வயலைவிட நாலடி உயரத்தில் நீளமான மேடு, ஓரம் முழுக்கச் சீமைக்கருவேலம். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் "ரயில்ரோட்டு மேடுங்க" என்றார். அவருக்கு அறுபது வயதுக்குள்தான் இருக்கும். அவர் பிறப்பதற்கு இருபது ஆண்டுக்கு முன்பே தண்டவாளம் போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது. எனக்கு அங்கே கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

அந்த மேட்டிலேயே மருமகனின் பின்சக்கரம் இறங்கிவிட்டது. கருவேல முள். மாற்று ட்யூப் போட்டால் இருநூறு அடியில் அதுவும் போயிற்று. ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய்ப் பஞ்சர் கடை ஒன்றைப் பிடித்தோம். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். ட்யூப்பைக் கையில் எடுக்கவே இல்லை. முதலில் டயரை வெளியே இழுத்தார், ஒரு பஞ்சுத் துண்டை உள்பக்கம் வைத்து மெல்லச் சுற்றித் தடவினார். பஞ்சு ஓரிடத்தில் சிக்கியது. அங்கே ஒடிந்து நின்ற முள் முனை. வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாது. கொறடால் பிடுங்கினார். "இத எடுக்காம நீ பத்து ட்யூப் போட்டாலும் போவும் தம்பி."

ஒட்டியாயிற்று, காற்றடிக்க முடியவில்லை. அவன் ட்யூப்பில் இருப்பது மெலிந்த வால்வு, கடை கம்ப்ரசரின் வாய் அதில் உட்காரவில்லை. எங்கள் கைப்பம்பால் அடித்துத் தேற்ற அரை மணி நேரம். இரண்டு பஞ்சருக்கும் சேர்த்து 80 ரூபாய் வாங்கினார். கிளம்பும்போது என் வண்டியைத் தட்டிப் பார்த்து, "இந்த மாதிரி வண்டின்னா கவல இல்லீங்க" என்றார். மருமகன் என்னைப் பார்க்கவில்லை.

தருமபுரிக்குள் நுழைந்தபோது மூன்று மணி. பழைய தடம் ஊருக்குள் வீடாகவும் தெருவாகவும் ஆகிவிட்டது. மொரப்பூர் – தருமபுரிக்குப் புதிய அகலப்பாதை போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 36 கிலோமீட்டர். அதற்கு இப்போது நிலம் எடுக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 1983-ல் ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவந்தார்கள். ஓட்டம் நின்றுபோன ரயில் தடத்தைத் துண்டு துண்டாக விட்டுவிடாமல் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதையாக வைத்திருக்கலாம், பின்னால் ரயில் தேவைப்பட்டால் அதே தடத்தில் மறுபடியும் போட்டுக்கொள்ளலாம். கேட்டி பாதை அந்த ஏற்பாட்டில் பிழைத்ததுதான். நம் தடத்தை 1941-ல் யாராவது அப்படி வைத்திருந்தால் இத்தனை நாளும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போயிருக்கும், இன்று ரயிலுக்கும் இடம் தயாராக இருந்திருக்கும். ராத்திரி தட்டுவடை செட் தின்றுகொண்டே இதைத்தான் பேசினோம். ஒரு தட்டு 30 ரூபாய், பீட்ரூட் துருவலும் பூண்டுச் சட்னியும் தாராளம்.

ஜனவரி 24, வெள்ளி – பாலக்கோடு, மாரண்டஹள்ளி

அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்துவிட்டுக் கிளம்ப ஆசை, வெள்ளிக்கிழமை விடுமுறை. நேராகக் கிளம்பிவிட்டோம்.

தருமபுரியிலிருந்து பாலக்கோடு போகும் வழி இப்போது ஓடும் சேலம் – பெங்களூர் ரயில் பாதைக்கு அருகிலேயே பல இடங்களில் போகிறது. வெயில் ஏறினாலும் காற்று குளிர்ந்துதான் இருந்தது. முசுக்கொட்டைத் தோட்டங்கள், கரும்பு, இடையிடையே தக்காளி. மாமரங்கள் பூவெடுத்து நிற்கின்றன.

மதியச் சாப்பாட்டை நான் பெரிதாகச் சொல்லியே ஆக வேண்டும். பாலக்கோட்டுக்கு முன் ஒரு கூரைக் கடை. களி, பிதுக்கம்பருப்புக் குழம்பு. அவரைக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலெடுக்க வேண்டும், அதனால் ஓட்டல்களில் அபூர்வம். தையில் பச்சை அவரை இறங்கும் இந்தச் சில வாரங்கள்தான் அதற்குக் காலம். கடைக்கார அம்மா களி உருண்டையை இலையில் போட்டு நடுவே குழித்துக் குழம்பை ஊற்றினார். ஆளுக்கு 60 ரூபாய், குழம்பு கேட்கக் கேட்க. "கத்தரிக்காய் இன்னிக்குக் கொஞ்சம் கசக்குது, ஒதுக்கி வெச்சுட்டுச் சாப்பிடு கண்ணு" என்று அவரே சொல்லிவிட்டார். எத்தனையோ பெரிய கடைகளில் சாப்பிட்டிருக்கிறேன், இந்த நேர்மையை எங்கும் பார்த்ததில்லை.

களி தின்றபின் இரண்டு மணி நேரம் மிதிக்கக் கூடாது. புளியமரத்தடியில் படுத்துவிட்டோம்.

மாரண்டஹள்ளி வரை மெல்லிய ஏற்றம், கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். அங்கே தூரத்து உறவினர் வீட்டில் தங்கல். தக்காளி பறித்து முடித்திருந்தார்கள். 25 கிலோ பெட்டி 300 ரூபாய்க்குப் போயிற்றாம். பறிக்கும் கூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் போக என்ன மிஞ்சும் என்று மாமா கணக்குப் போட்டுக் காட்டினார். மிஞ்சுவது சொல்லும்படி இல்லை. அதைச் சொல்லிவிட்டு இரண்டு கிலோ நல்ல பழமாகப் பொறுக்கி எங்கள் பையில் கட்டினார். சுமை கூடியது. வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

ஜனவரி 25, சனி – ராயக்கோட்டை

தூரம் குறைவு, வேலை அதிகம். கிராமத்துச் சாலை மேட்டில் நேராக ஏறுகிறது. முன்னால் 28 பல், பின்னால் 28 பல் போட்டுக்கொண்டேன். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுதான், நடக்கிற வேகம். ஆனால் இறங்காமல் ஏறினேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, அன்று என் வண்டியின் மேல் எனக்கு வந்த பாசத்தை எழுதினால் அதிகமாகத் தெரியும். மருமகனின் ஸ்பிரிங் ஃபோர்க் ஒவ்வொரு மிதிக்கும் அமுங்கி எழுந்தது. பாதியில் அதைப் பூட்டிவிட்டு ஓட்டினான்.

ஒரு திருப்பத்தில் இறங்கி நின்றபோது கீழே பெங்களூர் பக்கம் போகும் ரயில் தெரிந்தது. நாங்கள் மூச்சு வாங்கிய மேட்டை அது சுற்றிக்கொண்டு போயிற்று. சாலைக்கும் ரயிலுக்கும் உள்ள வித்தியாசத்தை வரைபடத்தில் பார்த்ததைவிட அங்கே நின்று பார்த்தபோது நன்றாகப் புரிந்தது. அந்தச் சரிவில் ஒரு சைக்கிள் பாதை இருந்தால் சின்னப் பிள்ளைகளும் ஏறிவிடுவார்கள்.

ராயக்கோட்டைக்கு முன் ஒரு கிராமத்தில் எருது விடும் விழா. சாலையின் இரண்டு பக்கமும் மூங்கில் தடுப்பு, அதன்மேல் கூட்டம். கொம்பில் தட்டி கட்டிய எருதுகள் ஒவ்வொன்றாக ஓடி வருகின்றன. சாலை மாலை நாலு மணி வரை அடைப்பு. ஓர் இளைஞர் கூட்டத்தை விட்டு வந்து ஏரிக்கரை வழியாக எங்களைச் சுற்றி அழைத்துப்போனார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். கரையில் முள் கிடந்த இடங்களில் அவரே மருமகனின் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டார். முக்கால் மணி நேரம் நடந்து மறுபக்கம் விட்டுவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் எருது பார்க்க ஓடிவிட்டார்.

சாயங்காலம் கோட்டை மலை. 1791-ல் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிப் படை திப்புவிடமிருந்து பிடித்த கோட்டை. கால் ஒத்துழைக்கவில்லை, பாதி வரைதான் ஏறினேன். மருமகன் உச்சிக்குப் போய் வந்தான். விடுதி அறை 600 ரூபாய். சைக்கிளை மாடிக்கு ஏற்றக் கூடாது என்றார்கள், ஜெனரேட்டர் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். ராத்திரி நல்ல குளிர். கொண்டுவந்த கம்பளி போதவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு – கெலமங்கலம், ஓசூர்

ஆறு மணிக்குக் கிளம்பத் தயாராக நின்றோம். டீக்கடையில் தடுத்துவிட்டார்கள். ராகி அறுத்த காலத்தில் யானைக் கூட்டம் இந்தப் பக்கத்துக் காடுகளுக்கு வரும். சானமாவு காட்டில் நிற்கிறதாம், ராத்திரி எந்த ஊர்ப் பக்கம் இறங்கியது என்று தெரியவில்லை. "பனி விலகட்டும்க்கா. பைக்னா சத்தம் கேட்டு அது ஒதுங்கும், சைக்கிள் சத்தமே இல்லாம போய் நிக்கும்" என்றார் டீ ஆற்றியவர். இது நான் எந்தத் திட்டத்திலும் எழுதி வைக்காத விஷயம். எட்டரை வரை உட்கார்ந்தோம். அந்த நேரத்தில் அவர் இரண்டு பேருக்கு போன் செய்து கெலமங்கலம் வழி சும்மாதான் இருக்கிறது என்று கேட்டுச் சொன்னார். டீ 15 ரூபாய், நாங்கள் குடித்தது பல.

கெலமங்கலம் வழி முழுக்க ஏற்ற இறக்கம். பள்ளிக்கூடங்களில் கொடியேற்றி முடித்துப் பிள்ளைகள் கையில் மிட்டாயோடு வந்துகொண்டிருந்தார்கள். நாலைந்து பையன்கள் தங்கள் பள்ளிக்கூட இலவச சைக்கிளில் எங்களோடு போட்டி போட்டு ஓட்டினார்கள். கியர் இல்லாத வண்டி, மேட்டில் எழுந்து நின்று மிதித்து எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். இவர்களுக்கு ஒரு நல்ல பாதை கொடுத்தால் எவ்வளவு தூரம் போவார்கள்!

ஓசூரை நெருங்க நெருங்கத் தொழிற்சாலைகளும் ரோஜாத் தோட்டத்துப் பசுமைக்குடில்களும். மத்திகிரி பக்கம் 1824-ல் தொடங்கிய கால்நடைப் பண்ணையின் பழைய மரங்கள் கொஞ்ச தூரம் நிழல் கொடுத்தன. அதன் பிறகு லாரியும் தூசியும்தான். இந்தக் கடைசிப் பகுதியை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். முடிந்தால் கெலமங்கலத்திலேயே பயணத்தை முடித்துக்கொள்ளலாம்.

ஓசூர் ஸ்டேஷன் வாசலில் இரண்டு மணிக்கு வண்டியை நிறுத்தினோம். என் வண்டியில் பஞ்சர் இல்லை. பின் பிரேக் கட்டை மட்டும் பாதி தேய்ந்திருந்தது. திரும்பும்போது, காலித் தக்காளிப் பெட்டி ஏற்றிப் பாலக்கோடு போகும் பிக்கப் வேன் ஒன்றில் ஆளையும் வண்டியையும் சேர்த்து 400 ரூபாய்க்கு ஏற்றிக்கொண்டார்கள். ஓட்டுநர் வழியெல்லாம் சின்ன ரயில் கதை கேட்டுக்கொண்டே வந்தார். தினம் அந்த வழியில் போகிறவர், இப்படி ஒன்று ஓடியதே அவருக்குத் தெரியாது.

அடுத்தது திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி. அதுவும் இதே இரண்டரை அடிப் பாதைதான், 1905-ல் திறந்தது, சுமார் 40 கிலோமீட்டர். இன்று மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு ரயிலே கிடையாது. பர்கூர் பக்கமோ கந்திலி பக்கமோ அந்தத் தடத்தின் மேடு, பாலம், ஸ்டேஷன் இருந்த இடம் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். மாம்பழக் காலத்துக்கு முன் போகலாம் என்று இருக்கிறோம். மருமகன் இப்போதே சக்கரத்துக்கு மோட்டார் பைக் வால்வுள்ள ட்யூப் வாங்கிவிட்டான்.